அளக்க வந்தவன்

உட்காருங்க, தாராளமா உட்காருங்க. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். எங்க இறங்கறீங்க? விஜயமங்கலமா? சரி சரி. இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். எனக்கு ஈரோடு வரைக்கும் டிக்கெட்டு. வேலை என்னமோ விஜயமங்கலத்துலதான். ஆனா டிக்கெட்டு ஈரோட்டுக்குத்தான் எடுப்பேன்.

இது நாலாவது தடவைங்க. அவினாசி தாண்டினதும் கண்ணைச் சொக்கும். முழிச்சுப் பார்த்தா விஜயமங்கலம் போயிருக்கும். அப்புறம் என்ன, ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த வண்டியில கோயமுத்தூர். அறுபத்திமூணு வயசாச்சு. பஸ்ஸுல தூங்கறது ஒரு தப்பா, சொல்லுங்க.

நான் சர்வேயருங்க. பேரு தண்டபாணி. முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டு சர்வீஸ். அண்ணன் தம்பி பங்கு பிரிக்க அளந்திருக்கேன், ரோட்டுக்கு அளந்திருக்கேன், வாய்க்காலுக்கு அளந்திருக்கேன், கரண்டு டவருக்கு அளந்திருக்கேன். நான் சங்கிலியை இழுத்துட்டுப் போன இடத்துல ஒருத்தராவது சந்தோஷமா நின்னு நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே என்ற மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னாரு. "தண்டபாணி, அளக்கறவன் வாயைத் திறக்கக் கூடாது. எதுக்குன்னு கேப்பாங்க. மேல கேட்டிருக்காங்கன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினேன்னு வை, உன்னைக் கொண்டுபோய்க் கோர்ட்டுல நிறுத்திப்போடுவாங்க." அன்னைக்குப் பிடிச்சது. முப்பத்தோரு வருஷத்துல ஒரு மெமோ கிடையாதுங்க எம்மேல. ஒரு பொய் சொன்னதும் கிடையாது. பேசினாத்தானே பொய்?

ரிடையர் ஆகி வீட்டுல உட்கார்ந்திருந்தேன். கோயமுத்தூர்ல ஒரு டிரஸ்ட்டு, பேரு வேண்டாம், நல்லவங்க. ஊருக்குள்ளயும் ஊரைச் சுத்தியும் ஏழு எடத்துல பொதுத் தோட்டம் போடறதா ஒரு திட்டம். அக்கம்பக்கத்துல இருக்கறவங்களே சேர்ந்து நட்டு, சேர்ந்து பறிச்சுத் திங்கறது. பெர்மாகல்ச்சர்னு பேரு. வாயில நுழையவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஒண்ணுமில்லீங்க, காட்டுல மரத்துக்குக் கீழ செடி, செடிக்குக் கீழ கொடின்னு தன்னால வளருதில்ல, அந்த மாதிரி காய்கறியும் பழமுமா வளர்க்கறது. அதுக்கு எடம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்னாங்க. சுகிர்தான்னு ஒரு மேடம், நம்ம மக வயசுதான் இருக்கும். "தண்டபாணி சார், நிலம் கிடைக்கறது ரெண்டாவது. முதல்ல அந்த ஊர்ல நாப்பது குடும்பம் கிடைக்கணும். போய் ஜனங்ககிட்ட பேசுங்க"ன்னாங்க. தலையை ஆட்டிட்டு டேப்பை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

உங்ககிட்ட உண்மையைச் சொல்றதுக்கென்ன, ஆசையாத்தான் போனேன். ஆயுசு பூரா புடுங்கறதுக்கும் பிரிக்கறதுக்குமே அளந்தாச்சு. ஒரு தடவையாவது நடறதுக்கு அளந்துட்டுக் கண்ணை மூடணும்னு இருந்துச்சு.

பதினோரு எடம் பார்த்தனுங்க. பதினொண்ணும் போச்சு. கோயமுத்தூர்ல சைட்டு பிரிக்கறப்ப பொது உபயோகத்துக்குன்னு ஒரு துண்டு விடுவாங்க தெரியுமில்ல, ரிசர்வ் சைட்டு. அதுலதான் ஆரம்பிச்சேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒண்ணு அருமையான எடம், காலையில பத்து மணி வரைக்கும் வெய்யில், நல்ல செம்மண்ணு. ரெண்டாந்தடவை போறேன், நடுவுல ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்காரு. மூணாந்தடவை போனப்ப தகரக் கொட்டாயும் உண்டியலும் வந்துருச்சு. இன்னொண்ணுல ஷட்டில் கோர்ட்டு வேணும்னு ஒரே அடம். ஒண்டிப்புதூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினா ஒரு அடிக்குக் கீழ பூராவும் இடிச்ச கட்டடத்துக் கல்லு. ஒரு எடத்துல எல்லாம் சரியா இருந்துச்சு, சாக்கடை மட்டும் அதுக்குள்ளதான் வந்து முடியுது. மேடம் ஒரு நாள் கூப்பிட்டு, "சார், சித்திரைக்குள்ள ஒரு இடமாவது முடிவாகலைன்னா திட்டத்தையே மூடச் சொல்றாங்க"ன்னாங்க. அவங்க முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாப் போச்சு.

பன்னண்டாவதுதான் மூங்கில்பள்ளம். அன்னூர் போற வழியில உள்ள தள்ளி இருக்குது. ரேஷன் கடைக்குப் பின்னால ஊர்ப் பொது நிலம் நாப்பத்திரண்டு சென்ட்டு, சும்மா கெடந்துச்சு. ஒரு வில்லங்கமும் இல்லை. அதை ஒட்டினாப்புல ரங்காத்தாளோட நிலம் ஒண்ணேகால் ஏக்கர். புருஷன் போய்ப் பல வருஷம் ஆச்சு. ஒரே மக, கட்டிக் குடுத்தாச்சு. ரெண்டு மாடு, அஞ்சு தென்னை, ஒரு வேம்பு, ஒரு கிணறு. அந்தக் கிணறு இருக்குதே, அதுதாங்க அந்த எடத்துக்கே உசுரு. சுத்துப்பட்டுல எல்லாம் ஆயிரம் அடி போர் போட்டுக் காத்து வருது. இந்தக் கிணத்துல மட்டும் கோடையிலயும் இடுப்பளவு தண்ணி நிக்கும். அது இருந்தா தோட்டம் உண்டு, இல்லைன்னா கிடையாது. எட்டிப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒரு எடத்துக்கு நாலு பக்கம் ஃபாரம் குடுத்திருந்தாங்க. வெய்யில் எங்க விழுது, மழைத்தண்ணி எங்க நிக்குது, தண்ணி வசதி உண்டா, என்னென்ன மரம் இருக்குது. தண்ணிங்கற கட்டத்துல "பக்கத்தில் கிணறு உள்ளது"ன்னு எழுதினேன். யார் கிணறுன்னு அந்தக் கட்டத்துல கேட்கலீங்க. கேட்டிருந்தா எழுதியிருப்பேன். கடைசிக் கட்டம், ஊர் மக்களிடம் பேசியாச்சா. அதுல ஒரு டிக் அடிச்சேன். எல்லாரும்தான் அடிப்பாங்க.

தை மாசம் அளக்க ஆரம்பிச்சது. மொத நாளே அந்தம்மா ஒரு தூக்குப்போசி நிறைய மோரைக் கொண்டாந்து வெச்சுட்டு, "ஏனுங் சார், என்னத்துக்குங்க அளக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

"மேல கேட்டிருக்காங்க அம்மணி"ன்னேன்.

பழக்கமுங்க. வேணும்னு சொல்லலை. வாயி தன்னால அதைத்தான் சொல்லுச்சு. அந்தம்மாவும் அதுக்கு மேல கேட்டுக்கலை. தினமும் பதினோரு மணிக்கு மோரு மட்டும் வந்துரும். கருவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பு அளவா. மூணு மாசம் குடிச்சேன். கூலி வாங்கறவங்ககூட அப்படித் தவறாம கொண்டாந்து குடுக்க மாட்டாங்க.

மாசியில மேடம் மரக் கணக்குக் கேட்டாங்க. இருக்கற மரத்தை வெட்டக் கூடாது, அதோட நிழலைப் பார்த்துத்தான் தோட்டத்தையே போடணும்னு அவங்க கொள்கை. நல்ல கொள்கைதானுங்களே. வீட்டுல பழைய சிகப்புப் பெயிண்டு அரை டின் கெடந்துச்சு. எடுத்துட்டுப் போய் பொது நிலத்துல இருந்த மரம், ரங்காத்தா தென்னை, வேம்பு, ரோட்டோரத்துப் புளி எல்லாத்துக்கும் வரிசையா நம்பர் போட்டேன். பட்டையைச் சீவி, வட்டம் போட்டு, அழகா. சர்வீஸ்ல அப்படித்தான் போடுவோம். என்ன ஒண்ணு, சர்வீஸ்ல நம்பர் போட்ட மரத்தை எல்லாம் வெட்டுவாங்க. இது வெட்டாம வெக்கறதுக்குப் போட்ட நம்பர். பார்க்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு எனக்குத் தோணலீங்க.

பங்குனியில ஒரு அதிசயம் நடந்துச்சு. ஊரே செடி நட ஆரம்பிச்சுது! வரப்பு ஓரம், வீட்டு முன்னால, பொட்டல்ல, எங்க பார்த்தாலும் தென்னம்பிள்ளை, தேக்கு, எலுமிச்சை, மா. அந்த வெய்யில்ல பொம்பளைங்க குடம் குடமா தண்ணி கொண்டாந்து ஊத்தறாங்க. பதினோரு எடத்துல அலைஞ்சும் ஒருத்தன் ஒரு கத்திரி நாத்து நடலை. இங்க நான் வாயே திறக்கலை, ஊரே நடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. ஒரு முழத்துக்கு ஒரு தென்னம்பிள்ளை நட்டிருந்தாங்க. தென்னைக்கு இருபத்தஞ்சு அடி விடணும்னு தெரியாத ஊரா அது? ஆர்வக் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆயிரத்து நானூறு கன்னு. எண்ணிப் பார்த்து ரிப்போர்ட்டுல எழுதினேன், மக்கள் தாமாக முன்வந்து நட்டதுன்னு.

மேடத்துக்குத் தலைகால் புரியலை. வேன் போட்டு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. தொப்பி, கேமரா, ஒருத்தரு வெள்ளைக்காரரு. ஊர்க்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மறுநாளு இன்னும் முந்நூறு கன்னு சேர்ந்துருச்சு.

கனகுன்னு ஒரு டீக்கடைக்காரன். சித்திரை பொறந்து ஒரு திங்கட்கிழமை, டீயை ஆத்திட்டே கேட்டான். "ஏனுங் சர்வேயர் சார், காய்க்கற மரத்துக்கு மட்டுந்தான் குடுப்பாங்களா, இல்ல கன்னுக்கும் உண்டுங்களா?"

"எதுக்குடா?"

"அதானுங் சார், பைபாஸ் ரோட்டுக்கு. மரத்துக்கு நஷ்டஈடு தனியாமா. எங்க மாமன் ஊர்ல ஒரு கொய்யாவுக்கே குடுத்தாங்கன்னு சொன்னாரு."

டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். எனக்கு அப்பத்தாங்க தெரியும். சத்தியமா அப்பத்தான். சிகப்பு நம்பர், டேப்பு, வேனு, கேமரா, எல்லாத்தையும் அவங்க அவங்க கணக்குல கூட்டி வெச்சிருக்காங்க. அந்த எடத்துலயே "அட மடையனுங்களா, தோட்டத்துக்குடா"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். வியாழக்கிழமை டிரஸ்ட்டு பெரியவங்க எல்லாம் வந்து எடத்தை முடிவு பண்றாங்க. இந்தக் கன்னுகளைக் காட்டித்தான் முடிவாகணும். சொன்னா அன்னைக்குச் சாயங்காலமே புடுங்கிப்போடுவாங்க. மூணே நாளு. வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம், அதுக்குள்ள ஒரு மழை பேஞ்சா வேரும் பிடிச்சுரும்னு நினைச்சேன். நான் எனக்காகவா நினைச்சேன்? அந்த ஊருக்குத்தானே?

செவ்வாய்க்கிழமை ரங்காத்தா வந்தாங்க. மோரை வெச்சுட்டுப் போகலை. கிணத்து மேட்டுல உட்கார்ந்துட்டாங்க.

"சார், எங்கப்பனுக்கு மூணு ஏக்கரா இருந்துச்சுங்க. வாய்க்காலுக்குன்னு எடுத்தாங்க. பணத்துக்கு ஆபீஸ் ஆபீஸா நடந்து நடந்தே அந்த மனுஷன் செத்தாரு. எனக்கு நடக்கத் தெம்பு இல்லீங். ஒருத்தன் வந்து இப்பவே கேக்கறான், பாதி வெலைக்கு. குடுத்துட்டு மககிட்டப் போயிரட்டுமா?"

நான் டேப்பை எடுத்துச் சுத்த ஆரம்பிச்சேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங் சார். வருதா, வரலையா? நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன். வேற யாரையும் கேக்க மாட்டேன்."

அந்தம்மா என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. நான் டேப்பைச் சுத்திட்டே இருந்தேன். முப்பது மீட்டர் டேப்பு, சுத்தி முடிக்கறதுக்கு நேரமாகுமுங்க.

"எனக்கு எப்படி அம்மணி தெரியும்? நான் அளக்க வந்தவன்"னேன்.

இதுல பொய் எங்கிருக்குது, சொல்லுங்க. அளக்கத்தானே வந்தேன்?

வியாழக்கிழமை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எடம் முடிவு. எனக்குச் சால்வை போத்தினாங்க. ஊரே கை தட்டுச்சு, ரோடு உறுதியாயிருச்சுன்னு. வேன் போனதுக்கப்புறம் அந்தம்மா போசியைக் கொண்டாந்தாங்க. நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாடு கத்துச்சு. "போசி இருக்கட்டுங் சார், நாளைக்கு வாங்கிக்கறேன்"னுட்டுப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை எனக்கு முட்டிவலி. அதோட ஒரு வாரம் எந்திரிக்க முடியலை. பத்து நாள் கழிச்சுப் போறேன், கட்டுத்தறி காலி. முளைக்குச்சியில கயிறுகூட இல்லை. நிலத்தைப் பாதி வெலைக்கு வாங்கினவன் சைட்டு போடறவன். ரோடு வராதுன்னு அவனுக்கு முன்னாலயே தெரியும், ஆபீஸ்ல விசாரிச்சுட்டுத்தான் வந்தானாம். மொத வேலையா கிணத்தை மூடினான். நாலு டிப்பர் கல்லும் மண்ணும். நான் போறப்ப மூணாவது டிப்பரு கொட்டிட்டு இருந்துச்சு.

பொது நிலத்துல டிரஸ்ட்டு போர் போட்டுச்சு. தொள்ளாயிரம் அடி, வெறும் புழுதி. சமூக உணவுத் தோட்டம்னு போர்டு வெச்சாங்க பாருங்க, அதைப் படிச்சுட்டுத்தான் ஊருக்கே விஷயம் தெரிஞ்சுது. மறுநாளே எல்லாரும் ஆட்டை அவுத்து விட்டுட்டாங்க. ஆயிரத்து எழுநூறு கன்னு, நாலு நாளைக்குத் தாங்கலை.

கனகு என்னைத் திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. டீயைக் குடுத்துட்டு, "தோட்டத்துக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரங்காத்தா கிணத்தையே உங்க பேருக்கு எழுதிக் குடுத்திருக்குமே சார்"ன்னான். அந்தக் கடைக்கு அப்புறம் நான் போறதில்லீங்க.

அந்த சைட்டு போட்டவன் அளக்க ஆள் வேணும்னு என்னைத்தான் கூப்பிட்டான். போனேன். நான் போகலைன்னா வேற ஒருத்தர் அளப்பாரு. ஆனா ஒண்ணு செஞ்சேன். ரிசர்வ் சைட்டு விடணுமில்ல, அதைக் கிணறு மூடின எடத்துலயே வரும்படியா வரைபடத்துல பிடிவாதமா ஒதுக்கினேன். என்னைக்காவது யாராவது தோண்டினா தண்ணி அங்கதானே இருக்கும்? போன வாரம் எட்டிப் பார்த்தேன். பிள்ளையார் வந்து உட்கார்ந்துட்டாரு.

என்னமோ போங்க. எட்டு மாசமாச்சு. ரங்காத்தா இப்ப விஜயமங்கலத்துலதான் இருக்காங்க, மக வீட்டுல. வாடகை வீடாமா. மாடு கட்ட எடமில்லைன்னு ரெண்டையும் வித்துட்டாங்க. பால் பாக்கெட்டு வாங்கறாங்களாம்.

டோல்கேட்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? இன்னைக்குப் பாருங்க, உங்ககூடப் பேசிட்டே வந்ததுல தூக்கமே வரலை.

இந்தாங்க, இந்தப் பை. கனமெல்லாம் இல்லீங்க, ஒரு தூக்குப்போசிதான். புளி போட்டு வெளக்கியிருக்கேன். மூடியில ரங்காத்தான்னு புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருக்கும். பஸ் ஸ்டாப்புல இறங்கினா வலது கைப் பக்கம் ஒரு அரிசி மில்லு. அதுக்குப் பின்னால மூணாவது வீடு, நீல கேட்டு. குடுத்துட்டு, ரோடு வரலை, எப்பவுமே வர்றதா இல்லை, தோட்டத்துக்குத்தான் அளந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.

நானா? நான் எப்படிங்க இறங்கறது, எனக்கு ஈரோடு வரைக்கும் டிக்கெட்டு இருக்குதே.

இருங்க, இருங்க. அதெல்லாம் சொல்ல வேண்டாம். இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகுது. போசியை மட்டும் குடுத்துருங்க. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா...

மேல குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லிருங்க. பார்த்து இறங்குங்க.